எல்லைத் தகராறு: மீன்தொட்டிக் கேள்வி பதில்

சேலம் குகையில் 22 வருடமாகக் கண்ணாடித் தொட்டி ஒட்டுகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆஸ்கர், கான்விக்ட் மாதிரியான அமெரிக்க சிக்லிட் குடும்பத்து மீன்களைப் பற்றித்தான். சித்திரை வெயில் ஏற ஏற இந்தக் கடிதங்களும் கூடும். ஏன் என்பதைப் பதிலிலேயே சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு ஆஸ்கர், ஒரு ஜாக் டெம்ப்சி, ஒரு கிரீன் டெரர், ஒரு ஜோடி கான்விக்ட், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் ஒன்று இருக்கின்றன. எட்டு மாதம் பிரச்சினையே இல்லை. போன வாரத்திலிருந்து கான்விக்ட் இரண்டும் எல்லாவற்றையும் துரத்துகின்றன. அவை விரல் நீளம்தான். முக்கால் அடி ஆஸ்கர் அவற்றுக்குப் பயந்து மூலையில் நிற்கிறது. கிரீன் டெரரின் வால் நார் நாராகக் கிழிந்திருக்கிறது. என்ன மருந்து ஊற்றலாம்?
(கல்லூரி விரிவுரையாளர், சூரமங்கலம்)

பதில்: மருந்து எதுவும் ஊற்றாதீர்கள் சார். இன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு, அந்த இரண்டும் காவல் நிற்கிற கல்லுக்கடியிலோ சட்டிக்குள்ளோ டார்ச் அடித்துப் பாருங்கள். கூரையில் கடுகு ஒட்டினாற்போல் முட்டை இருக்கும். ஒரு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள், அதனால் குஞ்சே நீந்த ஆரம்பித்திருக்கலாம். சாம்பல் தூவினதுபோல் தரையோடு தரையாக ஒரு கூட்டம் நகர்ந்தால் அதுதான்.

சிக்லிட் குடும்பத்தின் பெரிய குணம் இது. முட்டை போட்டுவிட்டுப் போகிற மீன் இல்லை, காவல் காக்கிற மீன். கான்விக்டில் தாயும் தகப்பனும் சேர்ந்து காக்கும். வயிற்றில் ஆரஞ்சு மினுக்கம் இருப்பது பெண். அது முட்டைக்கு மேலே நின்று, பக்கத்துடுப்பால் ஓயாமல் தண்ணீரை விசிறிக்கொண்டிருக்கும். ஆண் வெளியே ரோந்து சுற்றும். என் கடைத் தொட்டியில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெண் களைத்தால் ஆண் உள்ளே போகும், பெண் வெளியே வரும், மாற்றிக்கொள்கிற நேரத்தில்கூட முட்டை தனியாக இருக்காது. ஒரு குஞ்சு கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போனால் வாயில் கவ்விக் கொண்டுவந்து நடுவில் துப்பும். அதைப் பார்த்த யாரும் அந்த மீனைக் கெட்ட மீன் என்று சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் தப்பு எங்கே? மத்திய அமெரிக்க ஓடைகளில் இதே கான்விக்ட் இதே மாதிரிதான் துரத்தும். துரத்தப்பட்ட மீன் அடுத்த பாறையைத் தாண்டிப் போய்விடும், கதை அதோடு முடிந்தது. உங்கள் வீட்டில் தோற்ற மீன் போவதற்கு இடமில்லை. ஆறடிக் கடைசிக்கு ஓடினாலும் ஜெயித்த மீன் கண்ணுக்கு அது தெரிகிறது. தெரிந்தால் மறுபடி வரும். ஓடிப் போக முடியாததால்தான் வால் கிழிகிறது.

எனவே கான்விக்ட் ஜோடியை இன்றே எடுங்கள். சட்டிக்குள் இருந்தால் வாயைக் கையால் மூடி சட்டியோடு தூக்கினால் சுலபம். மூன்றடித் தொட்டி போதும். அதுவும் இல்லையென்றால் 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில், பெரிய தொட்டித் தண்ணீரையே நிரப்பி, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடவிட்டு வையுங்கள். முட்டையை மட்டும் சுரண்டி எறியலாமா என்று சிலர் கேட்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி போடும், பயனில்லை. பெரிய தொட்டிக்குத் திரும்ப விடுவதானால் ஒன்றை மட்டும் விடுங்கள். ஜோடி ஒருபோதும் வேண்டாம். குஞ்சுகளை வாங்கிக்கொள்ளக் கடை கிடைக்குமா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். நூறு, இருநூறு என்று பிழைக்கும், யாருக்கும் வேண்டியிருக்காது.

கிரீன் டெரருக்கு நல்ல தண்ணீர்தான் வைத்தியம். மூன்று நாளைக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். 100 லிட்டருக்கு 100 கிராம் கல்லுப்பு, அயோடின் சேர்க்காதது, தனியாகக் கரைத்து ஊற்றலாம். சதை வரை கிழியாமல் துடுப்பு மட்டும் கிழிந்திருந்தால் சில வாரத்தில் வளர்ந்துவிடும். ஓரத்தில் பஞ்சு மாதிரி வெள்ளை படிந்தால் தனியே எடுத்துவிடுங்கள்.

இதோடு முடியவில்லை. கான்விக்ட் போனதும் தொட்டியில் ஒரு நாற்காலி காலி. அடுத்த தலைவர் யார் என்று மற்ற நான்கும் பேசித் தீர்க்கும். அந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டால் எப்போது பயப்பட வேண்டும், எப்போது பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம் என்று புரியும். முதலில் பக்கவாட்டில் நின்று துடுப்பையெல்லாம் விரித்து, உடம்பைப் பெரிதாக்கிக் காட்டும். அப்புறம் ஒன்றின் முகத்தில் மற்றது வாலால் தண்ணீரை அடிக்கும். அதிலும் தீரவில்லையென்றால் வாயும் வாயும் கவ்விக்கொண்டு, கை மல்யுத்தம் மாதிரி தள்ளும், இழுக்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் இரண்டும் பலத்தை அளந்து பார்க்கின்றன, அவ்வளவுதான். பலம் குறைந்தது விட்டுவிட்டு நிறம் வெளுத்து, துடுப்பை ஒடுக்கி ஒதுங்கும். ஜாக் டெம்ப்சியைக் கவனியுங்கள். தெம்பாக இருந்தால் உடம்பு கறுத்து நீலப் பொட்டு மின்னும். தோற்றால் நிமிடத்தில் சாம்பலாகிவிடும். 1919 முதல் 1926 வரை உலகக் கனரகக் குத்துச்சண்டை சாம்பியனாக இருந்தவரின் பெயரை இந்த மீனுக்கு வைத்தார்கள். ஆனால் நான் பார்த்த வரையில் ஆளான டெம்ப்சி பாதிக்கு மேல் கூச்ச சுபாவம், கல் இடுக்கை விட்டு வராது.

பயப்பட வேண்டியது அளந்து முடித்த பிறகு வருவதற்கு. தோற்ற மீன் வெளுத்து ஒதுங்கிய பிறகும் ஜெயித்தது தேடிப் போய்க் கடித்தால், தோற்றது தண்ணீர் மேல்மட்டத்தில் மூலையில் சாய்ந்து நின்றால், ஒரு வேளை தீனிக்குக்கூட வரவில்லையென்றால், அன்று இரவே பிரிக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

நான் விட்டேன். எட்டடித் தொட்டி ஒன்று என் வீட்டு முன்னறையில் இருந்தது. உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஜாகுவார் சிக்லிட், மூன்று அங்குலக் குட்டியாக, அழகுக்கு ஆசைப்பட்டு வாங்கிப் போட்டேன். நிகராகுவாவின் மனாகுவா ஏரி மீன், ஓர் அடிக்கு மேல் வளரும் என்று தெரிந்தேதான் வாங்கினேன். ஒன்றரை வருடத்தில் ஓர் அடியைத் தொட்டது. அதோடு ஒரு ஃபயர்மவுத் இருந்தது. ஃபயர்மவுத் தொண்டையைச் சிவப்பாக ஊதி, செவிள்மூடியை விரித்து, அங்கே இருக்கிற கரும்புள்ளியைக் கண் மாதிரி காட்டி மிரட்டும். முக்கால்வாசி மீன்கள் அதற்கே பின்வாங்கும். உண்மையில் அடிக்க அதனிடம் பலம் கிடையாது, வளர்ந்தால் அரையடிதான். இரண்டு நாளாக அது மூலையில் நிற்பதைப் பார்த்தேன். ஆத்தூரில் ஒரு கல்யாணம், போய்விட்டு வந்து பிரிக்கலாம் என்று கிளம்பினேன். திரும்பி வந்தபோது மணலில் கிடந்தது. ஒரு கண் இல்லை. நான்கு வருடம் என் கையில் புழு வாங்கித் தின்ற மீன் அது. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது ஒரு காலித் தொட்டியும் பத்து நிமிடமும்தான். தொட்டி ஒட்டுகிறவன் வீட்டில் காலித் தொட்டி இல்லை.

அன்றிலிருந்து பெரிய சிக்லிட் தொட்டி கேட்டு வருகிறவர்களிடம் முதல் கேள்வியே இதுதான் கேட்கிறேன்: பிரிக்க வேண்டி வந்தால் எங்கே விடுவீர்கள்? அதற்குப் பதில் இருந்தால்தான் ஆறடிக்கு அளவு எடுப்பேன். மூன்றடியில் இன்னொரு தொட்டி, அதன் ஸ்பாஞ்ச் ஃபில்டர் எப்போதும் பெரிய தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா அதில் தயாராக இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு எடுத்து அந்தத் தொட்டியில் போட்டால் உடனே வேலை செய்யும். புது ஃபில்டர் பழகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அடிபட்ட மீன் அதுவரை காத்திருக்காது.

இப்போது உங்கள் கல் அடுக்குக்கு வருகிறேன். ஆறடியில் ஒரு முனையில் நின்றால் மறு முனை தெரியக்கூடாது. குறைந்தது இரண்டு இடத்தில், தண்ணீர் உயரத்தில் முக்கால் பங்குக்குக் கல் எழும்பட்டும். கூர் இல்லாத உருண்டைக் கருங்கல் நல்லது. முதலில் அடிக்கண்ணாடி மேல் மெல்லிய தெர்மாகோல், அதன்மேல் கல், கடைசியாக மணல். மணல்மேல் கல்லை வைத்தால் இந்த மீன்கள் அடியில் தோண்டிச் சாய்த்துவிடும், கண்ணாடி போகும். ஒவ்வொரு மறைவுக்கும் இரண்டு வழி வேண்டும். ஒரே வழி என்றால் அது ஒளிவிடம் ஆகாது, பொறி ஆகிவிடும். சட்டி வைப்பதானால் பின்பக்கம் உடைத்து வையுங்கள்.

வெயிலுக்கும் சண்டைக்கும் என்ன தொடர்பு என்றால், சேலத்தில் ஏப்ரல், மே மாதம் மாடி வீட்டுத் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். சூடு ஏறினால் மீனுக்குப் பசியும் வேகமும் ஏறும், முட்டை போடுகிற எண்ணமும் வரும். தண்ணீரில் கரையும் ஆக்சிஜனோ குறையும். மூடியைத் திறந்து வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பில் படுகிறமாதிரி ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். ஆவியாகிறபோது இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சூடு குறையக் குறைய அதே மீன்கள் வேறு மீன்களாக நடந்துகொள்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

கடைசியாக ஒன்று. ஆஸ்கரில் ஆண், பெண் வெளியே பார்த்துத் தெரியாது. உங்கள் இரண்டும் ஜோடியாகவும் இருக்கலாம். ஓர் இனத்தில் ஒன்று என்பதே ஆறடிக்கு என் கணக்கு. ஓர் ஆஸ்கர், ஒரு செவரம், ஒரு டெம்ப்சி, ஒரு கிரீன் டெரர், கூட, சிக்லிட் அல்லாத சில்வர் டாலர் மீன் ஆறு. சில்வர் டாலர் கூட்டமாக மேலே ஓடிக்கொண்டிருந்தால் சிக்லிட்டின் கவனம் ஒன்றின் மேலேயே நிற்காது. மேலே எதுவும் பயந்து ஓடவில்லை என்று தெரிந்து கூச்சமுள்ள மீன்களும் வெளியே வரும்.

கேள்வி: கொலுசுப் பட்டறையின் மேல்மாடியில் குடியிருக்கிறோம். ஐந்தடித் தொட்டியில் ஒரு கிரீன் டெரர், ஒரு செவரம், ஒரு பேரட் மீன். மூன்று வருடமாக இருக்கின்றன. புதிதாக டெக்சாஸ் சிக்லிட் விட்டேன், ஒரே மணி நேரத்தில் மூன்றும் சேர்ந்து அடித்துவிட்டன. எப்படிச் சேர்ப்பது? இன்னொன்று, சில நாள் மாலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தண்ணீர் வாரா வாரம் மாற்றுகிறேன்.
(இல்லத்தரசி, செவ்வாய்ப்பேட்டை)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் அம்மா, அதுதான் அவசரம். கீழே பட்டறையில் வெள்ளியை ஆசிட்டில் போட்டு வெளுக்கிறார்கள் அல்லவா? அந்தப் புகை மாடிப்படி வழியாக மேலே வரும். உங்கள் ஏர் பம்ப் அறையில் இருக்கிற காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் அடிக்கிறது. மீன் மேலே வருகிற நாளும் ஆசிட் வேலை நடக்கிற நாளும் ஒன்றா என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்துப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் பம்ப்பை பால்கனிப் பக்கம் மாற்றி, நீளக் குழாய் போட்டு வெளிக்காற்றை எடுங்கள். பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், இல்லையென்றால் கரன்ட் போனால் குழாய் வழியே தண்ணீர் திரும்பி வரும். மீனுக்கு ஆகாத காற்று அந்த அறையில் தூங்குகிற பிள்ளைகளுக்கும் ஆகாது, அதையும் வீட்டில் சொல்லுங்கள்.

சரி, டெக்சாஸ். மூன்று வருடத்தில் அந்த மூன்றும் தொட்டியைப் பாகம் பிரித்துக்கொண்டுவிட்டன. எந்தக் கல் யாருடையது என்று பத்திரம் எழுதாத குறைதான். புதிதாக வருவதற்கு அங்கே ஓர் அங்குலமும் கிடையாது. எனவே முதலில் பத்திரத்தைக் கிழிக்க வேண்டும். எல்லாக் கல்லையும் எடுத்து, வேறு மாதிரி அடுக்குங்கள். பழைய மீன்களுக்கே இது புது ஊர் ஆகிவிடும், தங்களுக்கு இடம் பிடிப்பதில் மும்முரமாக இருக்கும். அதற்கு முன் தொட்டியின் ஒரு பக்கத்தை, டியூப்லைட்டுக்குக் கீழே மாட்டுகிற கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டி இருக்கிறதே, அதை வெட்டித் தடுத்து, டெக்சாஸை ஒரு வாரம் அங்கே வையுங்கள். பார்த்துக்கொள்ளட்டும், மோத முடியாது. தட்டியருகே வந்து முட்டுவது குறைந்ததும், எல்லாவற்றுக்கும் வயிறு நிறையத் தீனி போட்டு, கல்லை மாற்றி, தட்டியை எடுத்து, விளக்கை அணையுங்கள். மறுநாள் உங்களுக்கு விடுமுறையாக இருக்கட்டும், பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

ஒன்று கவனித்தீர்களா, டெக்சாஸும் கிரீன் டெரரும் தூரத்தில் பார்த்தால் ஒரே சாயல். கறுத்த உடம்பில் பச்சை நீலப் பொட்டு. தன்னைப் போல இருக்கிற மீனைத்தான் இவை முதலில் அடிக்கும். நிறம் நமக்கு மட்டும் அழகு இல்லை, அவற்றுக்கு அது செய்தி. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பார்லோ என்ற விலங்கியலாளர் நிகராகுவா ஏரிகளின் மைடாஸ் சிக்லிட்டைப் பல வருடம் ஆராய்ந்தார். அந்த இனத்தில் பெரும்பாலானவை சாம்பல், கொஞ்சம் மட்டும் பொன்னிறம். அளவில் சமமாக இருந்தாலும் பொன்னிற மீன் சாம்பல் மீனை அடக்கிவிடுவதை அவர் கண்டார். அதனால் தொட்டிக்குத் தேர்வு செய்யும்போது ஒன்று நீளம், ஒன்று வட்டம், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு என்று வித்தியாசமாக எடுங்கள். டெக்சாஸ் ஓர் அடி வரை வளரும் மீன். ஐந்தடித் தொட்டியில் பேரட்டுக்கு அது பெரிய பாரம். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றால் கொடுத்துவிடுங்கள். பேரட் மனிதர் உண்டாக்கிய கலப்பு மீன், வாயை முழுக்க மூட முடியாது. கவ்விப் பிடித்துப் பலம் பார்க்கிற சண்டையில் அதற்கு ஆயுதமே இல்லை.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை. நான்கடிக்கு இரண்டடிக்கு இரண்டடி தொட்டி கட்டியிருக்கிறேன். ஓடைத் தண்ணீர், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 60 காட்டுகிறது. மார்கழியில் தொட்டித் தண்ணீர் 15 டிகிரிக்கு வந்துவிடும். குளிரில் சண்டை குறையும் என்கிறார்களே, ஹீட்டர் இல்லாமல் ஆஸ்கர் வளர்க்கலாமா?
(தோட்ட மேற்பார்வையாளர், ஏற்காடு)

பதில்: கூடாது. 15 டிகிரியில் ஆஸ்கர் சண்டை போடாது என்பது உண்மை. தீனியும் எடுக்காது, நோயை எதிர்க்கவும் முடியாது, படுத்துவிடும். அமேசான் மீன் அது, 24 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். உங்கள் தொட்டி ஏறத்தாழ 450 லிட்டர் பிடிக்கும். 300 வாட் ஹீட்டர் இரண்டு போடுங்கள். ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும். ஆஸ்கர் ஹீட்டரை முட்டி உடைக்கும், அதனால் பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டுங்கள். மழைக்காலத்தில் உங்களுக்குக் கரன்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தொட்டியின் மூன்று பக்கமும் ஓர் அங்குலத் தெர்மாகோல் ஒட்டினால் சூடு மெதுவாகத்தான் இறங்கும். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். தொட்டிக்கு வெளியே மூடின டப்பாவாக இருக்கிற கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால், உள்ளே தேங்கின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு ஓடவிடுங்கள். அது நாறிப்போய் விஷமாக இருக்கும்.

உங்கள் தண்ணீர்தான் எனக்குப் பொறாமை. கீழே என் போர்த் தண்ணீர் டி.டி.எஸ். 1100. மேக்னசைட் வெள்ளைக்கல் தோண்டுகிற ஊர், தண்ணீர் கடினமாக இருப்பதில் என்ன ஆச்சரியம். பாத்திரத்தில் உப்புப் படிகிறது என்று வீட்டில் திட்டுவார்கள், ஆனால் மத்திய அமெரிக்கா, மெக்சிகோ, டெக்சாஸ் பக்கத்து மீன்களுக்கு அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். டெம்ப்சி, கான்விக்ட், ஃபயர்மவுத், டெக்சாஸ் எல்லாம் கடினத் தண்ணீரில் தெளிவாக இருக்கும். உங்கள் மலைத் தண்ணீர் தென் அமெரிக்க மீன்களுக்கு ஏற்றது. ஆனால் அதில் தாங்குசக்தி குறைவு. மீன் கழிவிலிருந்து அமிலம் சேரச் சேர பி.எச். சட்டென்று விழும், ஃபில்டர் பாக்டீரியா நின்றுவிடும். நன்றாகக் கழுவின கிளிஞ்சல் இரண்டு கைப்பிடி, வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் போடுங்கள். தேவைக்கு அதுவே கரையும். அப்புறம், நான்கடியில் ஓர் ஆஸ்கர் மட்டும். துணைக்கு வேறு சிக்லிட் வேண்டாம்.

கேள்வி: வாஸ்துவுக்காக ஃப்ளவர்ஹார்ன் வாங்கினோம். தனியாகப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஆஸ்கரோடு விடலாமா?
(ஜவுளிக்கடை உரிமையாளர், கொண்டலாம்பட்டி)

பதில்: வேண்டாம் ஐயா. மத்திய அமெரிக்க சிக்லிட் பலவற்றைக் கலந்து 1990-களில் மலேசியாவில் உருவாக்கின மீன் அது. கலந்த இனங்களின் முரட்டுத்தனம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. தனிமையில் அதற்குத் துக்கம் இல்லை. நீங்கள் கண்ணாடிக்கு முன்னால் தினமும் கால் மணி நேரம் உட்காருங்கள், அது உங்களைத்தான் துணையாக எடுத்துக்கொள்ளும். ஆறே மாதத்தில் உங்கள் செருப்புச் சத்தத்துக்கு ஓடி வரும்.

கேள்வி: ஆஸ்கருக்கு உயிரோடு சின்ன கோல்ட்ஃபிஷ் போட்டால் வேகமாக வளரும், ஆக்ரோஷம் வரும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
(ஆட்டோ ஓட்டுநர், அம்மாபேட்டை)

பதில்: வேகமாக நோய்தான் வரும் தம்பி. தீனிக்காக விற்கிற கோல்ட்ஃபிஷ் நெருக்கமாக அடைபட்டுக் கிடந்தவை, அவற்றின் ஒட்டுண்ணி அப்படியே உங்கள் தொட்டிக்கு வரும். அவற்றின் உடம்பில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, தொடர்ந்து தின்றால் மீனுக்கு வைட்டமின் பி1 குறையும். கோழி ஈரலும் வேண்டாம், அந்தக் கொழுப்பு இந்த மீன்களுக்குச் செரிக்காது. நல்ல பெல்லட் அன்றாடத் தீனி. வாரத்தில் இரண்டு நாள் தோல் உரித்த இறால், அல்லது மருந்து அடிக்காத தோட்டத்து மண்புழு. பல மீன் இருந்தால் ஒரே சமயத்தில் இரண்டு முனையிலும் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் முதலாளி மீன் மட்டும் தின்னும். மீனின் நெற்றியில் குழி குழியாகப் பள்ளம் விழ ஆரம்பித்தால் தண்ணீரையும் தீனியையும் உடனே சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் தண்ணீர் மாற்றாமல் நைட்ரேட் ஏறிக் கிடக்கும் தொட்டியில்தான் அது வருகிறது.

கேள்வி: அங்கிள், நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். என் ஆஸ்கர் ஒரு சாண் வளர்ந்துவிட்டது. இரண்டடித் தொட்டியில் திரும்ப முடியவில்லை. கூட இருந்த மீனையெல்லாம் தின்றுவிட்டது. அப்பா, மூக்கனேரியில் விட்டுவிடலாம், சுதந்திரமாக இருக்கும் என்கிறார். ஏரியில் பிடிக்கிற ஜிலேபி கெண்டையும் ஆஸ்கரும் சொந்தம் என்று படித்தேன். அப்படியானால் விடலாம்தானே?
(மாணவன், கன்னங்குறிச்சி)

பதில்: தம்பி, நீ படித்தது சரி. இரண்டும் சிக்லிட் குடும்பம்தான். கேரளத்துக் கரிமீனும் அதே குடும்பம். ஜிலேபி ஆப்பிரிக்கா மீன், 1952-ல் உணவுக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். குஞ்சை வாயில் வைத்துக் காக்கும், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும். கொண்டுவந்தவர்கள் நல்லது நினைத்துத்தான் கொண்டுவந்தார்கள். இன்று நம் ஏரியில் வலை போட்டால் ஏறுவதில் பெரும்பங்கு அதுதான். நம் ஊர்க் கெண்டைக்கும் குறவைக்கும் இருந்த இடம் அதற்குப் போய்விட்டது. தொட்டியில் வளர்ந்துவிட்டது என்று யாரோ கொண்டுபோய்விட்ட சக்கர் மீனும் இப்போது தமிழ்நாட்டு ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. சொந்தக்காரன் என்பதாலேயேதான் ஆஸ்கரை விடக்கூடாது. அது பிழைத்தால் ஏரிக்குக் கஷ்டம். பிழைக்காவிட்டால், பெல்லட் தின்று பழகி, மனிதக் கையைப் பார்த்தால் கிட்டே வருகிற உன் மீன் கொக்குக்குப் போகும்.

அப்பா சொன்னதில் ஒரு பாதி நியாயம். இரண்டடித் தொட்டி அதற்குச் சிறைதான். கூட இருந்ததைத் தின்றது அதன் குற்றமும் இல்லை, வாய்க்குள் நுழைகிற மீனை எந்த ஆஸ்கரும் தின்னும்.

என் கடையில் ஓர் ஐந்தடித் தொட்டி காலியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் எப்போதும் மீன் போடுவதில்லை, இந்த மாதிரி சமயத்துக்குத்தான் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லி இந்தப் பத்திரிகை மூலமாக என் முகவரி கேட்டு வாங்கிக்கொள். மூடி போட்ட பெரிய பக்கெட்டில், தொட்டித் தண்ணீரையே பாதி நிரப்பிக் கொண்டுவா. முந்தின நாள் தீனி போடாதே, வழியில் தண்ணீர் கெடாது. மூடியை இறுக்கிப் பிடி, ஆஸ்கர் குதிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடு, வெயில் ஏறியபிறகு பக்கெட்டில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரக்கூடாது. அதற்குப் பெயர் வைத்திருந்தால் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவா, தொட்டிமேல் ஒட்டி வைக்கிறேன்.